நோய்ப்படுக்கையருகே நாவிழந்த தமிழ்!

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை இறுதிவரை படித்தவர் சிலரே. உண்ணும் முறையையும் செரிக்கும் அளவையும் சொல்லிவந்த வள்ளுவர் பெருமகனார், 950-ஆம் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து முடிக்கின்றார். நோயுற்றவன் ஒரு கூறு, தீர்ப்பவன் ஒரு கூறு, மருந்து ஒரு கூறு, நான்காவது, 'உழைச்செல்வான்'. உழை என்பது அருகு. நோயர் அருகிலேயே இருந்து மருந்தூட்டிப் பேணுபவர் எவரோ அவரே உழைச்செல்வார். இற்றை வழக்கிற் செவிலியர். மருத்துவனுக்குக் காற்பங்கு என்றால் செவிலிக்கும் அதே காற்பங்கு. மேலும் இல்லை, கீழும் இல்லை. இத்தகைய பகுப்பை உலகிற்கு வழங்கிய மொழிதான் இன்று தமிழகத்தின் தலைநகரில், உயிர் ஊசலாடும் படுக்கையருகே செல்ல உரிமையின்றி, மருத்துவமனையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது, தமிழர்காள்!

நாம் ஈண்டுப் பேச வந்தது இடர்நிலைச் செவிலியத்தில் முதுநிலைப் பட்டம் பெறும் கல்வியைப் பற்றி. இடர்நிலை என்று நாம் குறிப்பது, ஊரார் 'ஐ.சி.யூ.' என்று சொல்லும் பிரிவின் பணியை. அரசு மருத்துவமனைப் பலகைகளில் அது 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று எழுதப்பட்டிருக்கும். மூன்று சொற்களுள் 'பிரிவு' ஒன்றே தமிழ். உற்றாரிடமிருந்து நோயரைப் பிரிப்பதற்கு மட்டும் தமிழ் போதும் என்று எண்ணினர் போலும்!

இந்தியச் செவிலியர் மன்றம் 2016-இல் இப்பணிக்கென ஈராண்டு முதுநிலைப் படிப்பொன்றை வகுத்தது. இளநிலைச் செவிலியப் பட்டமும் அதன்பின் குறைந்தது ஓராண்டு மருத்துவமனைப் பட்டறிவும் உடையவரே இதிற் சேரலாம். வகுப்பறையிற் கழியும் காலம் சிறிது. பெரும்பகுதி நோயர் படுக்கையருகிலேயே கழியும். மூச்சுக்கருவியை நோயரின் நிலைக்கேற்பத் திருத்துதல், குருதியிற் கலந்த வளிகளின் அளவைக் கண்டு நுரையீரலின் நிலையை உணர்தல், நெஞ்சத் துடிப்பு நின்றவிடத்துச் செய்வன செய்தல், மருத்துவமனை வரையறுத்த நெறிக்குட்பட்டுச் சில மருந்துகளைத் தாமே தொடங்குதல் ஆகிய யாவும் இப்படிப்பில் அடங்கும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்றவை இதனை நடத்துகின்றன. கிண்டியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகின்றது. நல்ல கல்வி, வேண்டிய கல்வி. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் பாடம் ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம், ஆய்வேடு ஆங்கிலம், குறிப்பேடு ஆங்கிலம். படுக்கையிற் கிடப்பவர் மட்டும் தமிழர்!

இதனால் என்ன கெட்டது என்று வினவுவார் உளர். என்ன கெட்டது என்பதை எம் வீட்டிலேயே கண்டோம்.

எம் பெரியன்னையார் எழுபத்தெட்டு அகவையர். மூச்சுத் திணறலுற்ற அவரைத் தென்சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையிற் சேர்த்தோம். அதன் பெயரைக் கூறோம். ஒன்றைக் கூறினால் மற்றவை குற்றமற்றவை போல் ஆகிவிடும். தொண்டையிற் குழாய் இறக்கி மூச்சுக்கருவியோடு பிணைத்தனர். குழாய் இருக்கும்வரை பேச்சில்லை. இரண்டாம் நாள் சென்று பார்த்தபோது அவருடைய இரு கைகளும் கட்டிலின் கம்பிகளோடு துணியாற் கட்டப்பட்டிருந்தன. நெஞ்சு பதைத்து வினவினோம். "பேசண்டு கன்பியூசுடா இருக்காங்க சார். கமாண்டு பாலோ பண்ணல. டியூபைப் புல் பண்றாங்க" என்று விடை வந்தது. இவ்விடையில் தமிழ் எத்துணை என்று படிப்பவர் எண்ணிக்கொள்க.

மூன்றாம் நாள் இரவு முறைக்கு வேறொரு செவிலி வந்தார். விழுப்புரத்தை அடுத்த சிற்றூர்ப் பெண். அவர் வலக்கைக் கட்டை அவிழ்த்துத் தம் உள்ளங்கையை விரித்து நீட்டினாராம். பெரியன்னையார் நடுங்கும் விரலால் அதன்மேல் இரண்டெழுத்து எழுதினாராம்: 'காது'. அவ்வளவே. மருத்துவமனையிற் சேர்க்கும்போது கழற்றப்பட்ட அவருடைய செவிக்கருவி எங்கள் கைப்பையில் உறையோடு கிடந்தது. அதனைக் கொடுக்க வேண்டும் என எங்களுக்கும் தோன்றவில்லை. எவரும் எங்களைக் கேட்கவும் இல்லை. இரவு 11 மணிக்குக் கூடத்தில் துயின்றுகொண்டிருந்த எம்மை எழுப்பி அதனை வாங்கிச் சென்று பொருத்தி, "பாட்டி, என் கையை அழுத்துங்கள்" என்றார் அவர். பாட்டி அழுத்தினார். அதன்பின் அக்கைகள் கட்டப்படவே இல்லை.

விடியற்காலையில் அச்செவிலியிடம், "எங்குப் படித்தாயம்மா?" என்று வினவினோம். நாம் மேலே சொன்ன அம்முதுநிலைப் பட்டம் பெற்றவர் அவர். "ஐயா, உள்ளங்குழம்பிய முதியவர்க்கு மூக்குக் கண்ணாடியையும் செவிக்கருவியையும் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பாடத்திலேயே உண்டு. அதைப் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ பக்கம் எழுதித் தேர்ந்தேன். ஆனால் நம் ஊர்ப் பாட்டியிடம் அதை எப்படிக் கேட்டறிவது என்று எவரும் சொல்லித் தரவில்லை. உள்ளங்கையில் எழுதச் சொல்வது எங்கள் அப்பாயியிடம் கற்றது, அவருக்கும் காது கேளாது" என்றார்.

தமிழர்காள், இச்செய்தியை ஒரு கிழவியின் செவிக்கருவிக் கதை என்று தள்ளிவிடலாகாது. இடர்நிலைப் பண்டுவத்தில் மொழி என்பது பண்பாட்டு அணிகலன் அன்று, அஃது அளவுகோல். வெப்பமானி எங்ஙனமோ, குருதியழுத்தமானி எங்ஙனமோ, அங்ஙனமே நோயரின் தாய்மொழியும் ஒரு கருவி. இது நம் மொழிப்பற்றினால் விளைந்த கூற்றன்று. அவர்தம் பாடநூல்களே இதற்குச் சான்று.

1974-இல் கிளாசுகோ நகரத்து அறுவை மருத்துவர் இருவர், நினைவிழப்பின் ஆழத்தை அளக்க ஒரு முறை கண்டனர். அந்நகரின் பெயரே அதற்கு வழங்குகின்றது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6. மொத்தம் 15 மதிப்பெண். பேச்சுக்குரிய ஐந்தில், தான் யார், எங்கிருக்கின்றோம் என்று தெளிவாய் விடையிறுப்பவர்க்கு 5. குழம்பிப் பேசுவார்க்கு 4. தொடர்பற்ற சொற்கள் மட்டும் வந்தால் 3. பொருள் விளங்கா ஒலிக்கு 2. ஒன்றும் இல்லையேல் 1. இப்பொழுது எண்ணிப் பாருங்கள். திருத்தணிப் பக்கத்து உழவர் ஒருவர் விழித்தெழுந்து, "கழனிக்குத் தண்ணி பாய்ச்சணும், மடைய யாரு மாத்துனது?" என்று கேட்கின்றார். தமிழறியாத செவிலிக்கு அது பொருள் விளங்கா ஒலி. ஆங்கிலப் பாடத்தில் மட்டுமே பழகி, ஊர்வழக்கை மறந்துவிட்ட நகரத்துச் செவிலிக்குத் தொடர்பற்ற சொற்கள். உழவரின் மகளுக்கோ, தந்தையார் நேற்றைய வேலையை நினைவுகூர்கின்றார் என்பது தெளிவு. ஒரே மூளை, ஒரே பேச்சு, மூன்று மதிப்பெண்! அம்மதிப்பெண்ணைக் கொண்டுதான் அடுத்து மருந்தா, தலைப்படமா, அறுவையா என்று முடிவு செய்கின்றனர்.

இன்னும் ஒன்று. உள்ளக்குழப்பத்தை அளக்கும் முறையொன்றில், செவிலி பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லுவார். 'ஏ' என்னும் எழுத்து வரும்போதெல்லாம் நோயர் செவிலியின் கையை அழுத்த வேண்டும். இரண்டிற்கு மேற்பட்ட பிழை நேர்ந்தால் ஊன்றிக் கேட்கும் ஆற்றல் குன்றியது என்று குறிப்பர். உலகின் பற்பல மொழியார் இம்முறையைத் தத்தம் மொழிக்கு மாற்றிக்கொண்டனர். நம் செவிலிக்குக் கற்பித்தது ஆங்கில எழுத்துகளையே. ஆங்கில நெடுங்கணக்கை வாழ்நாளில் அறியாத எம் பெரியன்னையார், செவிக்கருவியும் இன்றி, அத்தேர்வில் தோற்றதில் என்ன வியப்பு? அவர் தோற்றது தேர்விலா, நாம் தோற்றது மொழியிலா?

'அறிவியல் ஆங்கிலத்தில் பிறந்தது; ஆகலின் ஆங்கிலத்திற்றான் கற்க இயலும்' என்று நம்மவர் ஒரு பழம்பாட்டு வைத்துள்ளனர். இடர்நிலைப் பண்டுவம் ஆங்கிலத்தில் பிறக்கவில்லை. 1952-இல் டென்மார்க்கு நாட்டின் கோபனேகன் நகரில் இளம்பிள்ளை முடக்கநோய் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து மக்கள் மடிந்தபோது, பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, காற்றுப்பையைக் கையால் அழுத்தியே நோயரை மூச்சுவிடச் செய்தார். ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். அம்முயற்சியிலிருந்தே அடுத்த ஆண்டு உலகின் முதல் இடர்நிலைப் பிரிவு அங்கு எழுந்தது. அம்மாணவர் தம்முள்ளும் நோயரோடும் பேசியது டேனிய மொழி. அம்மொழி பேசுவோர் தொகை சென்னைப் பெருநகர மக்கள்தொகையையும் எட்டாது. அவர்க்கு இயன்றது எட்டுக் கோடித் தமிழர்க்கு இயலாதோ?

இயலும் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார். அவரும் தமிழரல்லர் என்பதே நாம் நாண வேண்டிய செய்தி. அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவக் கல்வி நடத்தினார். முதலில் ஆங்கிலத்திற்றான் கற்பித்தார். விளைவு என்ன? ஆங்கிலத்திற் பயின்றவர் ஊதியம் மிகுந்த அரசுப் பணியைத் தேடி யாழ்ப்பாணத்தை விட்டே அகன்றனர். சிற்றூர் நோயர் முன்போலவே நின்றனர். அதனைக் கண்ட கிறீன் 1864 முதல் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். உடற்கூறு, பேறுகாலப் பண்டுவம், அறுவை, வேதியியல் எனப் பெருநூல்களைத் தமிழிற் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற அறுபதின்மருக்கு மேற்பட்ட மருத்துவருள் 33 பேர் தமிழ்வழிக் கற்றவர். அவர் வழங்கிய கலைச்சொற்களில் வடசொல் மிகுதி. 'அங்காதிபாதம்' என்றும் 'இரண வைத்தியம்' என்றும் நூற்பெயர்களே அமைந்தன. அது அக்காலத்து நம் புலவர் அவர்க்குத் தந்த தமிழ்; குற்றம் அவருடையதன்று. தம் கல்லறையில் 'தமிழர்க்கு மருத்துவ ஊழியர்' என்னும் பொருள்படப் பொறிக்குமாறு வேண்டிக்கொண்ட அப்பெருமகன் பெயரை, சென்னை மருத்துவக் கல்லூரிகளில் எத்துணைப் பேர் அறிவர்?

கிறீன் கண்ட நோய் இன்று நம் நகரிலேயே நடமாடுகின்றது. தியாகராயர் நகரின் மாடிகளை நிமிர்ந்து பாருங்கள். 'செருமன் மொழி கற்பிக்கப்படும், செவிலியர்க்குத் தனி வகுப்பு' என்னும் பலகைகள் தொங்குகின்றன. செருமனி நாட்டில் செவிலியாகப் பதிவு பெற அந்நாட்டு மொழியில் 'பி2' என்னும் நிலையைத் தேற வேண்டும். எவ்வளவு தேர்ந்த செவிலியாயினும் செருமன் மொழி தெரியாவிடில், செருமானியக் கிழவரின் படுக்கையருகே தனித்துப் பணியாற்ற விடமாட்டார்கள். சப்பானியரும் அவ்வாறே, அயல்நாட்டுச் செவிலியர்க்குத் தம் மொழியிலேயே தேர்வு வைக்கின்றனர். அவர்களைக் குறைகூற ஏதுமில்லை. தம் மக்கள் உயிரை மதிப்பவர் செய்வதைச் செய்கின்றனர். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நம் பெண்களுக்குச் செருமன் மொழிப் பயிற்சி அளிக்கின்றது. அளிக்கட்டும். ஆனால் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தனியார் மருத்துவமனையின் இடர்நிலைப் பிரிவில் பணிக்கு வருபவர் தமிழில் எந்நிலை தேற வேண்டும் என்று எவரேனும் வரையறுத்தனரா? வடகிழக்கிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து நம் நோயரைப் பேணும் செவிலியர் மீது நமக்குச் சினமில்லை. அவர்தம் கைகளுக்கு நன்றியுடையோம். அவர்க்கு மூன்று திங்களேனும் தமிழ் கற்பித்துப் படுக்கையருகே அனுப்பாத முதலாளியர் மீதே நம் சினம்.

செவிலியர் ஏன் போகின்றனர் என்பதையும் மறைக்காது சொல்ல வேண்டும். மொழி மட்டும் கரணியமன்று. 2015-இல் தமிழக அரசு தேர்வு வைத்து எடுத்த செவிலியர்க்குத் திங்களுக்கு 7,700 உருவா தொகுப்பூதியம் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் இரவும் பகலும் அமர்ந்து போராடிய பின்னரே ஊதியம் சற்று உயர்ந்தது. இளநிலைக்கே இந்நிலை. முதுநிலைப் பட்டம் பெற்றவரோ ஈராண்டு உழைத்துத் திரும்பியதும் பழைய இருக்கையிலேயே அமர்கின்றார். எம் பெரியன்னையாரைக் காத்த அச்செவிலியும் பட்டம் பெறுமுன் இருந்த அதே பெயர், அதே சீருடை, ஏறத்தாழ அதே ஊதியத்தில்தான் இருக்கின்றார். மருந்தைத் தாமே தொடங்கும் பயிற்சி பெற்ற அவர், குழாயைக் கழற்றவும் இளமருத்துவர் ஒருவரின் கையொப்பத்திற்குக் காத்து நிற்கின்றார். வள்ளுவர் கொடுத்த காற்பங்கு எங்கே போயிற்று?

இனி மறுப்புரைப்பார் கூற்று. 'தமிழிற் படித்தால் வேலை கிடைக்குமா?' என்பர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியதையும், 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே பின்வாங்கியதையும் எடுத்துக்காட்டுவர். பொறியாளனுக்குக் கற்காரையும் இரும்பும் மொழி பேசுவதில்லை. செவிலிக்கு எதிரே கிடப்பது பேசும் உயிர். இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் முறையன்று. மேலும் அதே 2010-இல், தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்வழி முதுநிலைச் செவிலியக் கல்வியே இல்லாதபோது அச்சட்டத்தால் இவர்க்கு என்ன பயன்? ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படிகளைக் கழற்றி வைத்துக்கொண்டனர்!

'கலைச்சொல் இல்லையே' என்பர் வேறு சிலர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கண்ட மொழி இது. மூச்சுக்கருவி, உயிர்வளி, குருதியழுத்தம், நெஞ்சத்துடிப்பு, வலிநீக்கி, உணர்வகற்றல் என்று நாம் இக்கட்டுரையிலும் அன்றாட வழக்கிலும் ஆளும் சொற்கள் எவர்க்கேனும் விளங்காமற் போயினவா? சொல் இல்லாக் குறை அன்று. சொல்ல விடாக் குறை.

2022-இல் போபாலில் மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டு விழா எடுத்தனர். அந்நூல்களிற் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே நாகரி எழுத்தில் அமர்ந்திருந்தன என்று பலரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம். 1939-இலும் 1965-இலும் இந்தியை எதிர்த்து உயிர்கொடுத்த மண்ணில் நின்று நகைத்தோம். நகைத்து முடித்தபின் நம் கையைப் பார்த்தால் வெறுங்கை! அவர்களுடையது அரைகுறை நூல். இடர்நிலைச் செவிலியத்திற்கு நாம் வகுப்பறையில் வைத்துக் கற்பிக்கும் தமிழ்நூல் எது?

பழந்தமிழ்ப் பெருமை பேசுவாரும் நம்முள் உளர். புண்பட்ட மறவனை மனைவி காத்த காட்சியைப் புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டுகின்றார்; வீட்டில் வேப்பந்தழை செருகி, யாழிசைத்து, மணியடித்து, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பிக் காக்கின்றனர். அதுவே உலகின் முதல் இடர்நிலைப் பிரிவு என்று மேடையில் முழங்குவது எளிது. அம்முழக்கம் நமக்கு வேண்டா. யாழும் புகையும் மூச்சுக்கருவி ஆகா. ஆனால் அவ்வீட்டில் ஒன்று இருந்தது. புண்பட்டவன் முனகியது காத்து நின்றவளுக்கு விளங்கிற்று.

கிண்டிப் பல்கலைக்கழகத்தையும் தமிழக அரசையும் நாம் கேட்பன சிலவே. இம்முதுநிலைப் படிப்பின் தேர்வைத் தமிழிலும் எழுத இசைவு தருக. நோயரை வினவும் முறையையும், உள்ளக்குழப்பம், நினைவிழப்பு ஆகியவற்றை அளக்கும் படிவங்களையும் தமிழில் ஆக்கி, மருத்துவரும் மொழியறிஞரும் கூடி ஆய்ந்து, எல்லா இடர்நிலைப் பிரிவுக்கும் அனுப்புக. உறவினரிடம் கையொப்பம் வாங்கும் இசைவுத்தாள், தமிழில் இல்லாதவிடத்துச் செல்லாது என்று ஆணையிடுக. தனியார் மருத்துவமனையில் இடர்நிலைப் பணிக்கு வரும் எவர்க்கும் பேச்சுத்தமிழ்த் தேர்வு ஒன்று வைக்க. இப்பட்டம் பெற்றவர்க்குத் தனிப் பணியிடமும் அதற்குரிய ஊதியமும் வகுக்க. இதுகாறும் எத்தனை பணியிடம் உருவாக்கினீர் என்பதை மக்களுக்கு அறிவிக்க. இவற்றுள் எதற்கும் தில்லியின் காலில் விழ வேண்டியதில்லை என்றே கருதுகின்றோம். வேண்டுமெனில் எதற்கு என்று அரசு வெளிப்படச் சொல்லட்டும்.

நம் இயக்க அன்பர்க்கும் ஒரு பணி உண்டு. அவரவர் ஊரில் செவிலியராய் உள்ள தங்கையர், மகளிர் எவராயினும், படுக்கையருகே நோயரிடம் நாள்தோறும் கேட்கும் வினாக்களை அவ்வூர் வழக்கிலேயே எழுதி வாங்கி நமக்கு அனுப்புக. 'நெஞ்சு கரிக்கிறதா', 'மூச்சு முட்டுகிறதா', 'நெஞ்சைப் பிசைகிறதா', 'தலை கிறுகிறுக்கிறதா' என்று வலிக்கு நம் மக்கள் எத்தனை சொல் வைத்திருக்கின்றனர் என்பதை எந்த ஆங்கில நூலும் நமக்குச் சொல்லாது. அவற்றைத் தொகுத்துச் சிறு கைந்நூலாக்கி இடர்நிலைப் பிரிவுகளின் வாயிலில் நின்று நாமே வழங்குவோம்.

பெரியன்னையார் இப்பொழுது நலமாக வீட்டில் இருக்கின்றார். செவிக்கருவியை உறங்கும்போதும் கழற்ற மறுக்கின்றார். அச்செவிலியைச் சென்ற வாரம் கண்டோம். பகலில் நுங்கம்பாக்கத்தில் செருமன் வகுப்பு, இரவில் பணி. வலி எங்கே உள்ளது என்பதை அம்மொழியில் பன்னிரண்டு வகையாகக் கேட்கக் கற்றுவிட்டாராம். அடுத்த திங்கள் தேர்வு.